இங்கிலாந்துத் திருமணப் பதிவைச் சேலத்தில் உட்கார்ந்தே தேடி எடுப்பது: ஃப்ரீபிஎம்டி, ஜிஆர்ஓ பயன்படுத்திய அனுபவம்

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்புப் பக்கம் வளர்ந்தவர்கள், ஏற்காட்டு எஸ்டேட் குடும்பங்களோடு சம்பந்தம் வைத்தவர்கள், இவர்களில் பல வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: "எங்க தாத்தாவோட அப்பா சீமையில இருந்து வந்தவரு." அதற்கு மேல் துருவிக் கேட்டால் ஒரு பழைய பைபிளை எடுத்துக் காட்டுவார்கள், முன்பக்கத்தில் பழுப்பேறிய மையில் நாலைந்து பெயர்கள் இருக்கும், அவ்வளவுதான். அந்த நாலு பெயரை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் நடந்த ஒரு திருமணத்தின் பதிவை எப்படிக் கண்டுபிடிப்பது, இதில் எந்தச் சேவைக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கவே கூடாது என்று எழுதுகிறேன். அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீபிஎம்டி என்ற, பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளுக்கான இலவச இணைய அட்டவணைக்கு ஐந்துக்கு ஐந்து. ஜிஆர்ஓ, அதாவது இங்கிலாந்தின் பொதுப் பதிவு அலுவலகம், தரும் திருமணச் சான்றிதழுக்கு நான்கு. "உங்கள் முன்னோரை நாங்கள் தேடித் தருகிறோம்" என்று மொத்தமாகப் பணம் கேட்கும் இடைத்தரகர்களுக்கு ஒன்றுகூடத் தர மாட்டேன்.

நான் தேடியது மாமியார் வழியில். அத்தையின் தாய்வழிப் பாட்டனாருக்கு அப்பா ரயில் இன்ஜின் டிரைவர். 1860-களின் தொடக்கத்திலேயே மெட்ராஸ் ரயில்வேயின் பாதை சேலம் வழியாக மேற்குக் கரையில் பேப்பூர் வரை போய்விட்டது. இன்ஜின் ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆட்களை இங்கிலாந்தில் இருந்து ஒப்பந்தம் போட்டு வரவழைத்தார்கள். அப்படி 1870-களில் வந்து ஜோலார்பேட்டையில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வீடு பார்த்துக்கொண்டவர். மனைவியும் கைக்குழந்தையும் கூடவே கப்பலில் வந்தார்கள் என்பது வீட்டுப் பேச்சு. அவருடைய முழுப்பெயர் தெரியும், ஊர் இங்கிலாந்தில் செஷயர் வட்டாரத்தில் உள்ள க்ரூ என்பது தெரியும். மனைவிக்கு முதல் பெயர் மட்டும்தான் தெரியும், அதுவும் அந்த நாளில் இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு இருந்த பெயர். யார் வீட்டுப் பெண், அப்பா யார், என்ன தொழில், ஒன்றும் தெரியாது. அத்தைக்கு வயது எண்பதைத் தொடப்போகிறது, அவர்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்: "எல்லாரும் அந்த டிரைவரைப் பத்தியேதான் பேசறாங்க கண்ணு. பச்சைக் குழந்தையத் தூக்கிட்டுக் கப்பல் ஏறி வந்த அந்தம்மா யாரு என்னன்னு ஒருத்தரும் சொல்லலையே."

அத்தை கேட்டது நியாயமான கேள்வி. இந்தியாவில் இருக்கும் பழைய சர்ச் பதிவுகளில் அதற்குப் பதில் கிடைக்காது. ஞானஸ்நானப் பதிவில் தகப்பனாரின் முழுப்பெயரும் தொழிலும் ஊரும் இருக்கும், தாய்க்கு முதல் பெயர் மட்டும். அடக்கப் பதிவில் 'இன்னாரின் மனைவி' என்று இருக்கும். ஒரு பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரோடும் தன் அப்பாவின் பெயரோடும் நிற்கும் காகிதம் திருமணப் பதிவு ஒன்றுதான். அதனால்தான் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பிறப்பு இறப்பை விட இதற்காக மெனக்கெடுகிறார்கள். இரண்டு குடும்பம் ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும், அதுவும் ஒரு தலைமுறை மேலே வரைக்கும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கப் பதிவு 1837 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. அதற்கு முன்னால் என்றால் ஊர்ச் சர்ச் பதிவேடுதான். 1754-இல் இருந்து ஹார்ட்விக் பிரபுவின் சட்டப்படி, யூதர்களும் குவேக்கர்களும் தவிர எல்லாரும் ஆங்கிலிக்கன் சர்ச்சில்தான் திருமணம் செய்தாக வேண்டும், அதனால் அந்தக் காலத்துக்குச் சர்ச் பதிவேட்டில் தேடினால் போதும். 1837-க்குப் பிறகு நடந்ததற்கு மூன்று மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தேசம் முழுமைக்குமான அட்டவணை இருக்கிறது. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று காலாண்டின் கடைசி மாதத்தின் பெயரால் அதைச் சொல்வார்கள். ஜூன் காலாண்டு என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பதிவு மாவட்டம், தொகுதி எண், பக்க எண், இவ்வளவும் இருக்கும். ஆனால் யார் யாரைக் கட்டிக்கொண்டார் என்பது இருக்காது! துணையின் குடும்பப் பெயரை அட்டவணையில் சேர்த்தது 1912 மார்ச் காலாண்டில் இருந்துதான். புதிதாகத் தேட வருகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் சோர்ந்து போகிறார்கள்.

ஃப்ரீபிஎம்டி உதவுவதும் இந்த இடத்தில்தான். தன்னார்வலர்கள் 1998-இல் தொடங்கிய வேலை அது, பழைய அட்டவணைப் பக்கங்களை ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார்கள். கணக்கு தொடங்க வேண்டாம், காசு வேண்டாம், விளம்பரம் கொஞ்சம் வரும், போகட்டும். பெயரைப் போட்டு, வருடம் இத்தனையில் இருந்து இத்தனை வரை என்று போட்டு, திருமணம் என்று குறித்துத் தேட வேண்டியதுதான். வரும் பட்டியலில் பக்க எண்ணைத் தொட்டால், அதே மாவட்டத்தில் அதே காலாண்டில் அதே பக்கத்தில் பதிவான எல்லாப் பெயர்களையும் வரிசையாகக் காட்டுகிறது. 1852-க்குப் பிறகு ஒரு பக்கத்துக்கு வழக்கமாக இரண்டு திருமணம், அதாவது நாலு பெயர். இரண்டு ஆண், இரண்டு பெண். உங்கள் ஆள் அதில் ஒருவர் என்றால் அவர் கட்டியது அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியை. இந்த ஒரு வசதிக்காகவே ஐந்து மார்க் கொடுத்தேன். அச்சிட்ட அட்டவணையில் இதைச் செய்ய அந்தக் காலாண்டின் பெயர்கள் முழுவதையும் புரட்டியாக வேண்டும்.

சரி, எங்கள் தேடலில் என்ன ஆயிற்று என்றால், ஊர் க்ரூ என்று தெரியும், அட்டவணையிலோ க்ரூ என்ற மாவட்டமே இல்லை. வேறு எங்கெங்கோ அதே பெயர்க்காரர்கள் வரிசையாக வருகிறார்கள், நம் ஊருக்கு மட்டும் வழியே இல்லை. விஷயம் என்னவென்றால், க்ரூ என்பது ரயில்வே உண்டாக்கிய ஊர், 1843-இல் அங்கே இன்ஜின் பட்டறை வந்த பிறகுதான் வளர்ந்தது. 1837-இல் பதிவு மாவட்டங்களைப் பிரித்தபோது அது பெரிய ஊரே இல்லை. அதனால் பக்கத்துப் பழைய ஊரான நான்ட்விச்சின் பெயரில்தான் க்ரூவில் நடந்ததெல்லாம் பதிவாகியிருக்கிறது. நம் ஜோலார்பேட்டைக்காரர் ஒருவரைத் திருப்பத்தூர் பேரில் தேட வேண்டியிருக்கிற மாதிரி. இது ரயில் ஊர்கள் பலவற்றுக்கும் பொருந்தும். ஸ்விண்டனில் இருந்து வந்த குடும்பம் என்றால் அந்தக் காலத்துக்கு ஹைவொர்த் என்ற மாவட்டத்தில் தேட வேண்டும். ஆகவே ஊர்ப் பெயர் கிடைத்ததும் நேரே அட்டவணைக்குள் போகாமல், அந்த ஊர் அந்த வருடம் எந்தப் பதிவு மாவட்டத்தில் இருந்தது என்று முதலில் பாருங்கள். யுகேபிஎம்டி தளத்தில் மாவட்ட வாரியாக ஊர்ப் பட்டியல் இலவசமாகவே இருக்கிறது. தொகுதி எண்ணும் துணைக்கு வரும், 1852-இல் இருந்து செஷயருக்கு 8ஏ, கார்ன்வாலுக்கு 5சி, யார்க்ஷயருக்கு 9 என்று பகுதிக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள், ஊர்ப் பெயரைப் படிக்க முடியாவிட்டாலும் எந்தப் பக்கத்துக்காரர் என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நான்ட்விச் என்று தேடியதும் அதே பெயரில் சில பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டிரண்டு பெண்கள். அந்தம்மாவின் முதல் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட பக்கத்தில் வந்தது, நான் சொன்னேன் அல்லவா, தெருவுக்குத் தெரு இருந்த பெயர். இந்த இடத்தில் 'இவர்தான்' என்று மனசுக்குப் பிடித்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். குடும்ப மரம் போடும் தளங்களில் இருக்கிற பாதி மரங்கள் அப்படிப் போட்டவைதான், ஒருவர் ஊகித்ததை இன்னொருவர் நகல் எடுத்துப் போட்டிருப்பார், பார்க்கிறவருக்கு இரண்டு ஆதாரம் இருப்பது போலத் தெரியும்.

எங்களுக்கு வழி காட்டியது அந்தக் கைக்குழந்தை. கப்பலில் தூக்கி வந்த பிள்ளை என்றால் பிறந்தது இங்கிலாந்தில், அப்படியானால் பிறப்புப் பதிவு அங்கே இருக்க வேண்டும். பழைய அச்சு அட்டவணையில் குழந்தையின் தாய் எந்த வீட்டுப் பெண் என்ற விவரம் 1911 செப்டம்பர் காலாண்டில் இருந்துதான் உண்டு. ஆனால் ஜிஆர்ஓ 2016-இல் பிறப்புக்கும் இறப்புக்கும் புதிதாகவே ஓர் அட்டவணை தயாரித்து இணையத்தில் வைத்தது. அதில் 1837-இல் இருந்தே தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வருகிறது. இலவசம்தான், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். குழந்தை ஆணா பெண்ணா என்று கட்டாயம் குறிக்க வேண்டும், வருடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வருடம்தான் ஒரு தேடலில் பார்க்கும். ஏற்காட்டுக் கல்லறையில் அந்தப் பிள்ளையின் கல்லில் வயது இருந்தது, அதில் இருந்து வருடத்தைக் கழித்து எடுத்தோம். டிசம்பரில் பிறந்த பிள்ளை மார்ச் காலாண்டில் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள், பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. திருமணத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, சர்ச்சில் கையெழுத்துப் போடும் அன்றே பதிவாகிவிடும்.

பிள்ளையின் பெயரும் நான்ட்விச்சும் பொருந்தி வந்த வரியில், தாயின் வீட்டுப் பெயர் என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. நூற்றைம்பது வருடமாக வீட்டில் யாருக்கும் தெரியாத பெயர், காசு செலவில்லாமல் திரையில் வந்து நிற்கிறது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஃப்ரீபிஎம்டிக்கு வந்து, கணவன் பெயர் ஒரு பக்கம், மனைவியின் முழுப்பெயர் ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்துத் தேடினால் ஒரே ஒரு பக்கத்தில்தான் இருவரும் சேர்ந்து வருகிறார்கள். அதே மாவட்டம், அதே காலாண்டு, 8ஏ, அதே பக்க எண். இனி சான்றிதழுக்குக் காசு கட்டலாம். இந்தப் பொருத்தம் கிடைக்காமல் யாரும் காசு கட்டாதீர்கள்.

இடைத்தரகர்கள் விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். இதற்கு முன்னால் எங்கள் உறவில் ஒருவர் இணையத்தில் பார்த்த ஒரு தேடல் நிறுவனத்துக்குப் பெரிய தொகை அனுப்பினார். அவர்கள் அனுப்பியது என்ன தெரியுமா, அட்டவணையில் அதே பெயரில் உள்ள ஆட்களின் பட்டியல், அழகான எழுத்தில் அச்சடித்து, பார்டர் போட்டு. எவரும் இலவசமாக எடுக்கக்கூடியது. 'மேற்கொண்டு ஆய்வுக்கு' இன்னொரு தவணை கேட்டார்கள். சான்றிதழையே ஜிஆர்ஓவிடம் வாங்கி மேலே பல மடங்கு வைத்து விற்கும் தளங்களும் தேடுபொறியில் முதலில் வந்து நிற்கின்றன, பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருக்கும். முகவரியில் பிரிட்டன் அரசின் தளம்தானா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைப் போடுங்கள். நல்ல ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், ஒரு குறிப்பிட்ட மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போய்ப் பார்த்துத் தர மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். அவர்களிடம் போக வேண்டியது எல்லா இலவச வழியும் முடிந்த பிறகு.

ஜிஆர்ஓவில் திருமணச் சான்றிதழ் விலை 12.50 பவுண்டு, நம் காசில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு. வருடம், காலாண்டு, மாவட்டம், தொகுதி, பக்கம் எல்லாவற்றையும் அட்டவணையில் இருந்தபடியே நிரப்பினால் போதும். நம்மவர்களுக்கு வரும் தடங்கல் கார்டில்தான். 2020-இல் இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாக அடைபட்டே வருகிறது, வங்கி செயலியில் போய் அதைத் திறந்து விட்டுக் கட்டுங்கள், கட்டி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள். முகவரியில் பின்கோடும் கைபேசி எண்ணும் கட்டாயம். ஏற்காட்டு எஸ்டேட் முகவரியைக் கொடுப்பதை விடச் சேலம் முகவரி நல்லது, மலைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மார்க் ஏன் குறைத்தேன் என்றால், பிறப்பு இறப்புப் பதிவுகளை மலிவாக மின்கோப்பாகவே தருகிறார்கள், திருமணத்துக்கு அந்த வசதி இல்லை, காகிதமாகத்தான் வாங்க வேண்டும், தபாலில் வரும் வரை சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். புதிய அட்டவணையும் திருமணத்துக்குப் போடவில்லை. எல்லாரும் அதிகம் தேடுவது எதுவோ அதற்கே இப்படி.

வந்த காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். பச்சை நிற ஓரம் போட்ட அகலமான தாள், நடுவில் பழைய பதிவேட்டின் ஒரு பத்தி அப்படியே படமாக. இடமிருந்து வலமாகக் கட்டங்கள்: திருமண நாள், பெயர், வயது, நிலை (மணமாகாதவரா, துணையை இழந்தவரா என்பது), தொழில், திருமணத்தின்போது குடியிருந்த இடம், தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில். மாப்பிள்ளைக்கு மேல் வரி, பெண்ணுக்குக் கீழ் வரி. அவர் தொழில் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன், அப்போது டிரைவராகவில்லை. அவருடைய அப்பா கொதிகலன் செய்பவர். பெண்ணுக்குத் தொழில் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது. அவளுடைய அப்பா காலணி தைப்பவர். கீழே மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவள் பெயருக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி, 'இன்னாரின் அடையாளம்' என்று பாதிரியார் எழுதியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத பெண். க்ரூவில் இருந்து கப்பல் ஏறி, தெரியாத ஊருக்கு வந்து, வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதவும் இன்னொருவர் கையை எதிர்பார்த்திருந்தவள். அத்தை அந்தக் குறியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் அப்பாவின் பெயரை இரண்டு மூன்று தரம் சத்தமாகப் படித்தார்.

குடும்பத்தில் ஒரு பெரியவர் "செருப்புத் தைக்கிறவர்னு வெளிய சொல்லாத, பேர் மட்டும் சொல்லு போதும்" என்றார். இதை நான் மறைக்காமல் எழுதுகிறேன். நம் ஊரில் அந்தத் தொழிலோடு என்னவெல்லாம் கட்டி வைத்திருக்கிறோமோ அதை அப்படியே நான்ட்விச்சுக்கும் கொண்டுபோகிறோம். அந்தப் பக்கத்தில் அந்த நாளில் காலணித் தொழில் ஊருக்கே சோறு போட்ட தொழில். அங்கேயும் ஏழைகள் செய்த வேலைதான், ஆனால் பிறப்பால் ஒட்டிக்கொண்ட வேலை இல்லை, அவர் மகன் வேறு பட்டறைக்குப் போகலாம், மகள் ரயில்காரனைக் கட்டலாம். நம் ஊரிலும் கையால் உழைத்துச் சாப்பிட்டதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அத்தை எனக்கு முன்னாலேயே பதில் சொல்லிவிட்டார்: "அவரு தைச்ச செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான அந்தம்மா கப்பல் ஏறியிருப்பா. எழுது கண்ணு." எழுதிவிட்டேன்.

சான்றிதழில் இருப்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது, சில இடங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். வயதுக் கட்டத்தில் எண் இல்லாமல் 'முழு வயது' என்று இருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று மட்டும் பொருள், ஐம்பதாகவும் இருக்கலாம். 21-க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், அதற்காகவே வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. இருவருக்கும் ஒரே முகவரி போட்டிருந்தால் உடனே ஒன்றாக வாழ்ந்தார்கள் என்று கதை கட்ட வேண்டாம். வேறு வேறு திருச்சபை எல்லை என்றால் 'இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம்' என்ற அறிக்கையை இரண்டு சர்ச்சிலும் வாசிக்க வேண்டும், இரண்டு கட்டணம், அதைத் தவிர்க்க ஒரே முகவரியைக் கொடுப்பது சகஜம். தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் 'காலமானார்' என்று இல்லாததால் அவர் உயிரோடு இருந்தார் என்றும் ஆகாது. தகப்பன் யார் என்று சொல்ல முடியாதவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவார்கள், சிலர் தாத்தா பெயரையோ கற்பனைப் பெயரையோ போடுவார்கள். தாய்மார்களின் பெயருக்கு இங்கிலாந்துத் திருமணப் பதிவில் இடமே இல்லாமல் இருந்தது, 2021 மே மாதத்தில் இருந்துதான் சேர்த்தார்கள். சாட்சிகள் இரண்டு பேர் பெயரையும் விடாதீர்கள். எங்களுக்கு ஒரு சாட்சி பெண்ணின் குடும்பப் பெயர்க்காரி, அக்காவோ தங்கையோ, அடுத்த தேடல் அங்கிருந்துதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஜிஆர்ஓவில் இருப்பது மூலப் பதிவேடு இல்லை, அதன் நகல். சர்ச்சில் ஒரே நேரத்தில் இரண்டு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதிரியார் அதைப் பார்த்து எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுப்பார், அவர் வழியாக அது லண்டனுக்குப் போகும். ஆகவே சான்றிதழில் தெரியும் கையெழுத்து எல்லாம் பாதிரியார் கையெழுத்து, நம் பாட்டனார் கையெழுத்து இல்லை. எங்கள் காகிதத்தில் இருக்கும் அந்தப் பெருக்கல் குறியும் பாதிரியார் பார்த்து வரைந்ததுதான். நிஜக் கையெழுத்து வேண்டும் என்றால் சர்ச் பதிவேட்டின் படத்தைத் தேட வேண்டும். செஷயர் சர்ச் பதிவேடுகளின் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தின் சந்தாவில் இருக்கின்றன, ஒரு மாதச் சந்தா எடுத்து, பார்க்க வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். செஷயர் பிஎம்டி என்று அந்த வட்டாரத்துக்கே தனியாக ஓர் இலவச அட்டவணையும் உண்டு, எந்தச் சர்ச் என்பதுகூட அதில் வரும். ஆனால் அதில் உள்ள எண்ணை ஜிஆர்ஓவில் போட்டால் பயன் இல்லை, ஜிஆர்ஓ எண்ணை மாவட்டப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தாலும் பயன் இல்லை. இரண்டும் வேறு வேறு பதிவேட்டின் எண்கள்.

இதுவரை சொன்னது கல்யாணம் இங்கிலாந்தில் நடந்திருந்தால். இங்கே வந்த பிறகு கட்டிக்கொண்டவர்களுக்கு ஜிஆர்ஓ வேண்டாம். சேலத்துக் கிறிஸ்து நாதர் ஆலயத்திலோ ஏற்காட்டு ஹோலி டிரினிட்டியிலோ பாதிரியார்கள் நடத்தி வைத்த ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் திருமணங்களின் நகல் மெட்ராஸ் வழியாக லண்டனுக்குப் போனது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில், அன்று லண்டனில் இருந்து இந்தியாவை நிர்வகித்த இந்தியா ஆபீஸின் ஆவணங்களில் என்/2 என்ற வரிசை மெட்ராஸுக்கு உரியது. படங்கள் ஃபைண்ட்மைபாஸ்டில் இருக்கின்றன, பெயர்ப் பட்டியலில் ஒரு பகுதி ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் இலவசம். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றுக்கென்றே உள்ள ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தரவுத்தளத்தையும் காசில்லாமல் தேடலாம், கல்லறைக் கல், செய்தித்தாள் அறிவிப்பு என்று நாம் எதிர்பார்க்காத இடத்தில் பெயர் கிடைக்கும். இப்படிப்பட்ட கல்யாணப் பதிவுகள் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு ஏற்காட்டுக்காரர் ஒருவரையே சொல்லலாம். பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஓய்வுக்குப் பிறகு இங்கேதான் வாழ்ந்தார். அவர் கட்டியது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை, யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல். நிலவியல்காரர் ஒருவரின் மாமனாரைத் தேடப் போனால் யாழ்ப்பாணத்துக்கே போய்ச் சேர்கிறோம், எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே இதற்காகத்தான்.

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இருந்தும் சிலர் என்னிடம் கேட்டார்கள், எங்கள் கொள்ளுத்தாத்தா கல்யாணமும் லண்டனில் கிடைக்குமா என்று. பெரும்பாலும் கிடைக்காது, அதற்காக ஃபைண்ட்மைபாஸ்டுக்குச் சந்தா கட்ட வேண்டாம். லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கம் 1827-இல் சேலத்துக்கு வந்தது, அவர்களுடைய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோவாஸ் என்ற பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் இருக்கின்றன, ஆனால் திருமணப் பதிவேடு அந்தந்தச் சபையில்தான் இருந்தாக வேண்டும். 1872-ஆம் வருடத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்குப் பிறகு நடந்தவை ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கும். போகும்போது வெறுங்கையோடு போகாமல் மூத்த பிள்ளையின் ஞானஸ்நான வருடம், இரண்டு பக்கத்துப் பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த வருடத்துக்கு முந்தைய நாலைந்து வருடம் பார்த்தால் போதும் என்று சொன்னால் ஆயர் ஐயாவுக்கும் எளிது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கேட்காதீர்கள், அவருக்கு அன்று நிற்க நேரம் இருக்காது. வார நாளில் முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், பதிவேட்டை அவர்களே புரட்டட்டும், பழைய தாள் ஓரம் தொட்டாலே உதிர்கிறது.